அனுப்பறையும் ஆனையிறவும்

என் கடைக்குட்டி றெஜிக்கு,

இந்த மாதம் இந்தப் பக்கத்தில் உன் கதையின் அடுத்த அத்தியாயம் வந்திருக்க வேண்டும். இதழாசிரியர் வீட்டுக்கு வந்திருந்தார். பக்கத்தை வெறுமையாக விட மனமில்லை, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார். நான் எக்ஸ்ரே எடுக்கிறவன், எழுதுகிறவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"உங்கடை தங்கச்சி மாசா மாசம் உங்களைப் பற்றித்தான் முறைப்பாடு சொல்லுவா. அண்ணை பிழை பிடிச்சதாலைதான் கதை பிந்திப்போச்சு எண்டுவா" என்றார் அவர்.

அதற்குப் பிறகு மறுக்க முடியவில்லை. உனக்கே எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்தபோது நான் வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், திறக்கும்போது ரொறன்ரோ. அங்கிருக்கும் மகன் வேலை முடிந்து இங்கே வந்து அம்மாவின் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, படுக்கத் திரும்பிப் போகிறான். நீ பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். ஆனால் அந்த அத்தியாயத்தில் கணிதம் எதுவும் இல்லை, ஆசை மட்டும்தான் இருந்தது. உன் சின்னண்ணை ஜூட் இளந்தாரியாகக் கனடாவுக்குப் போனவன், அதுவரை ஒரு முறைகூடத் திரும்பி வரவில்லை. அவனை வீட்டுக்குக் கூட்டி வருவதற்காகத்தான் அந்த அறையைக் கட்டினாய் என்பது எனக்கு வாசிக்கும்போதே தெரிந்தது.

அந்த இயந்திரத்துக்குப் பெயர் வைக்கவே எங்களுக்குப் பல நாள் சண்டை. முதலில் 'இடப்பெயர்ச்சி' என்று எழுதியிருந்தாய். "உது எங்கடை சனத்துக்கு வேறை விசயமெல்லோ. மூட்டை முடிச்சோடை இடம்பெயர்ந்து போனதுதான் ஞாபகம் வரும்" என்றேன். 'கடத்தி' என்று மாற்றினாய். "ஆளைக் கடத்திக்கொண்டு போற மிசின் எண்டு நினைப்பினம்." நீ சிரித்துவிட்டாய். பிறகுதான் 'அனுப்பறை' வந்தது.

பெயர் சரி வந்ததும் நான் பூமியைப் பிடித்தேன்.

"இஞ்சை நிக்கிற ஆள் சும்மா நிக்கேல்லை. பூமியோடை சேர்ந்து கிழக்கை ஓடிக்கொண்டுதான் நிக்கிறார். ரொறன்ரோ உலகத்தின்ரை மற்றப் பக்கம். அங்கத்தைக் கிழக்கு எங்கடை கிழக்குக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பக்கம். இஞ்சத்தை ஓட்டத்தோடை ஆளை அங்கை கொண்டுபோய் விட்டால் என்ன நடக்கும்?"

என் சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து, கதை எழுதிய தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் பார்த்தாய். ஒலியைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான வேகம் வந்தது.

"அப்ப கதவு திறக்க முதலே சுவரிலை அடிபட்டுச் செத்துப்போவார்" என்றாய்.

"சுவரையும் உடைச்சுக்கொண்டு போவார்."

கோபித்துக்கொண்டு போனவள் சில நாளில் வழியோடு வந்தாய். உடம்பை அனுப்பத் தேவையில்லை. எந்த அணு எந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்ற விபரத்தை மட்டும் அனுப்பினால் போதும். அங்கே இருக்கிற பொருட்களைக் கொண்டு அங்கேயே ஆளைக் கட்டிவிடலாம். அப்படிக் கட்டப்படுகிறவர் அந்த ஊர் ஓட்டத்தோடுதான் இருப்பார், சுவரில் மோத மாட்டார். உண்மையான ஆய்வுகூடங்களிலும் இதைத்தான் செய்கிறார்கள் என்றாய். நானும் தேடி வாசித்தேன். நீ சொன்னது சரி. ஒரு துகளின் நிலையை இன்னோர் இடத்திலுள்ள துகளுக்கு மாற்றியிருக்கிறார்கள். போனது துகள் அல்ல, அதன் நிலை. அதற்கும் வழமையான ஒரு செய்தி பின்னால் போய்ச் சேர வேண்டும், அது ஒளியை முந்தாது. மாற்றும்போது இங்கிருக்கும் துகள் தன் பழைய நிலையை இழந்துவிடுகிறது.

"ஒரு துகளுக்குச் சரி. முழு ஆளின்ரை விபரம் எவ்வளவு வரும் எண்டு யோசிச்சியோ? எங்கடை வீட்டு இன்ரநெற்றிலை அனுப்பி முடியிறதுக்கிடையிலை ஆள் நீந்தியே ரொறன்ரோ போயிடலாம்" என்றேன்.

"அது கதையிலை சமாளிக்கலாம் அண்ணை. வேகமான இன்ரநெற் எண்டு ஒரு வசனம் போட்டால் சரி."

"சரி, போடு. விபரம் போகுது, அங்கை ஆள் எழும்பி நிக்கிறார். இஞ்சை நிண்டவர்?"

விறாந்தையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பாதான் நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு நேரமும் காதைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆனால் அவருடைய கவலை வேறு.

"பிள்ளை, அப்ப ஒரு அறக்குளா மீனின்ரை விபரம் கையிலை இருந்தால், ரெண்டாவது மீன் பிடிக்கத் தேவையில்லையோ?"

"ஓம் அப்பா. தேவையில்லை."

"அப்ப உலகம் முழுக்க ஒரே மீனைத்தான் திண்டுகொண்டிருக்கப் போகுது." கொஞ்சம் பொறுத்து, "அது பழுதாப்போன மீனா இருந்தால்?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தோம். மூன்றாம் அத்தியாயத்தில் குருநகர்க் கரையில் வள்ளங்கள் வரிசையாகக் கவிழ்ந்து கிடப்பதும், ஊரெல்லாம் ஒரே அறக்குளாவை வாரம் முழுக்கச் சாப்பிடுவதும் அந்தச் சிரிப்பில் இருந்து வந்தவை. வாசகர்கள் பலர் அதை நல்ல பகிடி என்றார்கள். அப்பாவுக்கு அதில் பெருமை. கொழும்புத்துறைக் கரையில் காண்கிறவர்களுக்கெல்லாம், "உதை நான்தான் சொல்லிக்குடுத்தனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த ஆண்டு அப்பா போய்விட்டார். வள்ளத்தால் இறங்கி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. ஜூட் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்றான். பெட்டியின் தலைமாட்டில் என் மனைவி, உன் மச்சாள், கைத்தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குள் இருந்து அவன் அழுதான். இடையில் வலையமைப்பு நின்று, அழுதபடி வாயைத் திறந்திருந்த அவன் முகம் அப்படியே உறைந்துபோனது. நீ தொலைபேசியை மச்சாளின் கையிலிருந்து வாங்கி, அவன் முகம் திரும்ப அசையும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு நீ அழவில்லை.

அதற்கு அடுத்து வந்த அத்தியாயத்தை எனக்குக் காட்டாமலே அனுப்பிவிட்டாய். கதையில் தகப்பன் இறந்துபோகிறார். அனுப்பறை இரவு பகலாகத் திறந்திருக்கிறது. மகன் வரவில்லை. அவ்வளவுதான் அத்தியாயம். காரணம் எதுவும் எழுதவில்லை.

ஜூட் அதை இணையத்தில் வாசித்துவிட்டு உனக்குத் தொலைபேசி எடுத்தான். நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னை வைச்சு எழுதிப்போட்டாய். இஞ்சை எங்கடை சனமெல்லாம் வாசிக்குது."

"அது நீங்கள் இல்லை சின்னண்ணை. கதையிலை வாறவனுக்கு வர வசதி இருந்தது. உங்களுக்கு இருந்ததோ?"

அவன் வைத்துவிட்டான். பிறகு நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் கதைத்தீர்கள். கதைத்தது என்றும் சொல்ல முடியாது, சுகம் விசாரித்தீர்கள்.

உனக்கும் அது வருத்தம்தான் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் என்னிடம் கேட்டாயே: "அண்ணை, கதவு பக்கத்திலை கிடக்குது. ஒருத்தன் ஏன் வராமல் விடுவான்? எழுதினது நான், எனக்கே காரணம் தெரியேல்லை." உன் கதையில் அவ்வளவு பிழை பிடித்த என்னிடம் அன்றைக்குப் பதில் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் உன் இடது கால் மரக்கத் தொடங்கியது.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது, நாங்கள் அகதியாக இருந்த பள்ளிக்கூட வளவில் விழுந்த ஷெல்லின் ஒரு துண்டு உன் முதுகெலும்புக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டது. தொடாமல் விடுவதுதான் நல்லது என்று அன்றிருந்த வைத்தியர்கள் சொன்னார்கள். நீ காலைச் சற்று இழுத்து நடந்தாய். நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு உன் முதல் எக்ஸ்ரேயும் ஒரு காரணம். அந்த வெள்ளைப் புள்ளியை சில வருடங்களுக்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது அசையாமல் இருந்தது. பிறகு அசைந்தது.

அந்த இரும்பு கதைக்குள்ளே வந்ததும் என்னால்தான். "உன்ரை அனுப்பறை ஆளின்ரை விபரத்தை எதாலை வாசிக்குது? காந்தத்தாலை எண்டால் நீ உள்ளுக்குப் போகேலாது. உனக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூட விடமாட்டினம், இரும்பை இழுத்துப்போடும்" என்றேன்.

நீ வெகுநேரம் யோசித்துவிட்டு, "வாசிச்ச பிறகு அந்த இரும்பை மட்டும் அங்கை கட்டாமல் விடலாம்தானே?" என்று கேட்டாய்.

பல ஊர்களில் பலர் இப்படி அறைகளை வைத்துக் கதை எழுதியிருப்பார்கள். ஆனால் உன்னைப்போல அந்தக் கேள்வியைக் கேட்க உடம்புக்குள் இரும்பு வேண்டும். உன் கதாநாயகி அறைக்காரனிடம், எல்லாவற்றையும் அனுப்பு, இரும்பை விடு என்கிறாள். அவன், வேறு என்ன விட வேண்டும் என்று கேட்கிறான். தழும்பை விடு என்கிறார்கள் சிலர். நரையை விடு, தொப்பையை விடு என்கிறார்கள். பிறகு ஆளைக் கட்டுகிற நாடு பேசத் தொடங்குகிறது. எங்கள் மண்ணில், எங்கள் பொருளில் கட்டுகிறோம். எதைக் கட்டுவது, எதை விடுவது என்று நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறது. இந்தத் தொழில்நுட்பம் வந்தால் எல்லைகள் இல்லாமல் போகும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எல்லை உடம்புக்குள் வரும் என்று நீ எழுதினாய். நான் பிழை பிடிக்காமல் திருப்பித் தந்த ஒரே அத்தியாயம் அது.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்தார்கள். கால் முழுதாகப் போவதற்கு முன் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் ஆபத்து இருக்கிறது என்றார்கள். முடிவை நீதான் எடுத்தாய். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "அண்ணை, வெளியிலை வாறவளிட்டை நல்லா விசாரிச்சுப் பாருங்கோ, நான்தானோ எண்டு" என்றாய். தாதிக்குத் தமிழ் தெரியாது. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

மறுநாள் நீ சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

"மயக்க மருந்து தந்த பிறகு நான் இருக்கேல்லை அண்ணை. நித்திரை எண்டால் கொஞ்ச நேரம் போனது எண்டாவது தெரியும். இதிலை ஒண்டுமே இல்லை. ஆனா எழும்பினது நான்தான் எண்டதிலை எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. அதுதான் பயமாக் கிடக்கு."

"அதிலை என்ன பயம்?"

"அனுப்பறையிலை எழும்பிறவளுக்கும் சந்தேகம் வராது. இஞ்சை நிண்டவள் செத்திருந்தாலும் அவள் சந்தோசமாத்தான் நடந்து போவாள். போனவை எல்லாரும் நல்ல மிசின் எண்டுதான் சொல்லுவினம். பிழை சொல்லக்கூடியவை ஒருத்தரும் மிஞ்ச மாட்டினம்."

கொழும்பிலேயே தங்கி நடைப் பயிற்சி எடுத்து, இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தவள், வீட்டுக்குப் போக முதல் நான் வேலை செய்யும் இடத்துக்கே வந்து படம் எடுத்தாய். நான் அதை வெளிச்சப் பெட்டியில் போட்டேன். முதுகெலும்பு வடிவாகத் தெரிந்தது. அந்த வெள்ளைப் புள்ளி இல்லை. நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன், நீ சந்தோசப்படுவாய் என்று.

"இது ஆரின்ரை படம்?" என்றாய்.

பகிடி என்று நினைத்தேன். உன் கண் நிறைந்திருந்தது. நான் அந்தப் படத்தை உறையில் போட்டு, உன் பெயரை எழுதி உன் கையில் தந்தேன். எனக்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அம்மாவுக்குக் கண் மங்கல், எங்களைக் காலடிச் சத்தத்தில்தான் மட்டுப்பிடிப்பாள். நீ இழுக்காமல் நேராக நடந்து வீட்டுக்குள் போனாய். குசினியில் இருந்த அம்மா, "ஆரது?" என்றாள். நீ அங்கேயே நின்றுவிட்டாய். பிறகு, "நான்தான் அம்மா, றெஜி" என்றாய். அதை அப்படியே கதையில் எழுதினாய். இரும்பில்லாமல் ஊருக்கு வந்த மகளைத் தாய்க்குத் தெரியாமல் போகிறது. அந்த அத்தியாயத்தை வாசித்த பலர் உனக்குக் கடிதம் எழுதினார்கள்.

பிறகு மாரிமழை வந்தது. நீ நேராக நடந்து திரிந்தது அந்த மாரி வரைக்கும்தான். காய்ச்சல் என்று படுத்தாய், டெங்கு என்றார்கள், இரத்தத்தட்டுகள் இறங்கிக்கொண்டே போயின. வைத்தியர்கள் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். இத்தனை வருடம் நாங்கள் அந்த இரும்பைக் காவல் காத்துக்கொண்டிருந்தோம். வந்தது நுளம்பு. எனக்கு இதில் ஒரு கருத்தும் சொல்லத் தெரியவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இனி நீ இல்லாத நாட்களின் செய்தி.

உன்னைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த அடுத்த கிழமை, அம்மா என்னிடம் உன் கதையை வாசித்துக் காட்டச் சொன்னாள். இவ்வளவு நாளும் அவள் அதைக் கேட்டதில்லை. பின்னேரச் செபம் முடிந்ததும் ஓர் அத்தியாயம் என்று வாசித்தேன். மீன் அத்தியாயத்தில் அப்பாவைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். மகன் வராத அத்தியாயத்தில் கையிலிருந்த செபமாலையை உருட்டினாள். 'ஆரது' அத்தியாயம் வந்ததும் என்னை நிறுத்தச் சொன்னாள்.

"அவள் பிழையா எழுதிப்போட்டாள்."

"என்ன பிழை அம்மா?"

"எனக்குத் தெரியும் அது அவள்தான் எண்டு. என்ரை பிள்ளையை எனக்குத் தெரியாதோ? படலை திறந்த சத்தத்திலையே தெரியும். அவள் நேரா நடந்து வாறாள், அந்தக் குரலிலை சந்தோசம் எப்பிடி இருக்குது எண்டு கேக்க ஆசையா இருந்தது. அதுதான் ஆரது எண்டு கேட்டனான்."

"அதை அவளிட்டைச் சொல்லேல்லையோ?"

"அவள் நினைச்சது எனக்குத் தெரியாதே. என்னட்டை ஆர் வாசிச்சுக் காட்டினது?"

றெஜி, இதை எப்படியாவது உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதழாசிரியருக்கு ஓம் சொன்னேன். மற்றதெல்லாம் இரண்டாவது.

உன் செத்தவீட்டுக்கும் ஜூட்டால் வந்து சேர முடியவில்லை. டெங்கு அவ்வளவு கெதியாக முடித்துவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறேன் என்றான். நான் நம்பவில்லை. கொழும்பில் இறங்கிவிட்டேன், வான் பிடித்து வருகிறேன் என்று அழைத்தபோதுதான் நம்பினேன். விடியப் புறப்பட்டவன் மத்தியானத்துக்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிறகு தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நான் ஆனையிறவிலை நிக்கிறன்."

"வான் பழுதோ?"

"இல்லை. வான் நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் கொஞ்ச நேரம் வேணும். அம்மாட்டைச் சொல்லாதைங்கோ."

அம்மாவிடம் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். என்ன நினைத்தேனோ, மச்சாளின் தலைக்கவசத்தையும் கொழுவிக்கொண்டு போனேன். வீட்டுக்கு ஒரு மணி நேர வழியே மிச்சமுள்ள ஆனையிறவில் காற்று ஆளைத் தள்ளியது. களப்பில் இரண்டு பக்கமும் நிறையத் தண்ணீர். சாரதி வானுக்குள் இருக்கையைச் சாய்த்துவிட்டு நித்திரை. ஜூட் ஒரு மதகுக்கட்டில் குந்தியிருந்தான். தலை வழுக்கையாகிவிட்டது. தொலைபேசியில் பார்த்த முகம்தான், ஆனால் தொலைபேசியில் அவன் இவ்வளவு சின்ன ஆளாகத் தெரிந்ததில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். அவன் எழும்பவும் இல்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை.

"பிளேனிலை முழுக்க அழுதுகொண்டுதான் வந்தனான். பக்கத்திலை ஒரு சிங்கள அம்மா, அவதான் தண்ணி கேட்டு வாங்கித் தந்தவ. கொழும்பிலை இறங்கேக்கை முடிஞ்சுது எண்டு நினைச்சன். வவுனியா தாண்டத் திரும்பத் தொடங்கீட்டுது. இந்த முகத்தோடை அம்மாக்கு முன்னாலை போகேலாது."

"அம்மாக்குக் கண் தெரியாது."

"என்ரை முகம் எனக்குத் தெரியுமே அண்ணை."

ஒரு ரயில் போனது.

"அவள் எழுதினது சரி" என்றான் பிறகு. "அப்பான்ரை செத்தவீட்டுக்கு அந்த அறை இருந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டன். லீவு கிடைக்கேல்லை எண்டு சொன்னனான். கேட்டால்தானே கிடைக்கிறதுக்கு. வேலையிலை நிக்கேக்கை செய்தி வந்தது. கையெல்லாம் எண்ணெய். கதவைத் திறந்தால் உடனை அப்பா பெட்டிக்குள்ளை கிடக்கிறார் எண்டால், அந்தக் கதவை ஆர் திறப்பான்? எனக்கு இவ்வளவு தூரம் வேணும் அண்ணை. பிளேன் வேணும், வான் வேணும். அதுவும் காணாமல் இஞ்சை இறங்கி நிக்கிறன்."

"அவளிட்டைச் சொல்லியிருக்கலாம்."

"அப்ப எனக்கே தெரியாது. இண்டைக்கு இஞ்சை வந்து நிண்ட பிறகுதான் தெரியும்."

நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில், றெஜி. தூரத்தைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் எத்தனை பின்னேரம் வாதாடினோம். வேகம், விபரம், உயிர், மீன், விசா என்று எதையும் விடவில்லை. வழியில் ஓர் ஆள் தன்னைத் தயார்படுத்துகிறான் என்பது மட்டும் எங்கள் கணக்கில் வரவே இல்லை. நாங்கள் வழியை வெறும் தொல்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஜூட் அதில் இருந்துதான் ஒரு மனிதனாக எழும்பி வந்தான்.

வெயில் சாயத் தொடங்கியதும் அவனாகவே, "வாங்கோ, போவம்" என்றான். சாமான்களோடு வானை முன்னால் அனுப்பிவிட்டு என் பின்னால் ஏறினான். மச்சாளின் தலைக்கவசம் ரோஸ் நிறம், அவன் தலைக்குப் பாதிதான் இறங்கியது. "ஆறுதலா ஓடுங்கோ அண்ணை" என்றான். சைக்கிள்காரர் சிலர்கூட எங்களை முந்தினார்கள். பளை, மிருசுவில், கொடிகாமம் என்று பலகை வருவதற்கு முன்னமே பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தான். ஊரை விட்டுப் போகும்போது போரில் பாதை அடைபட்டிருந்ததால் கிளாலிக் களப்பால் படகில் போனவன், இந்தத் தெருவை இத்தனை வருடத்தில் பார்க்கவில்லை. நாவற்குழிப் பாலத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

அம்மா விறாந்தையில் கதிரை போட்டு இருந்தாள். வான்காரன் சாமான் இறக்கிவிட்டுப் போனதில் விசயம் விளங்கியிருந்தது. ஜூட் முன்னால் போய் நின்றான்.

"ஏன் பிந்தினனீ?" என்று கேட்டாள்.

"வழியிலை நிண்டனான் அம்மா."

"ம். உள்ளுக்கு வா."

அவ்வளவுதான் நடந்தது. பிறகு அவன் குசினி நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டான். பூசையன்று உன் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தியது அவன்தான். காற்றில் திரும்பத் திரும்ப அணைந்தது. திரும்பத் திரும்பக் கொளுத்தினான். உன்னிடம் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. தள்ளிப் போய் நின்றேன்.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் உன் கதையைப் புத்தகமாகப் போடக் கேட்டிருக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தை நான் எழுதி முடித்துத் தர வேண்டுமாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஜூட் சொன்னதையும் அம்மா சொன்னதையும் உன் கதைக்குள் செருகினால், அது பிறகு உன்னுடையது இல்லை. எழுத்துப்பிழை மட்டும் பார்க்கிறேன். நீ 'ற'வும் 'ர'வும் இன்னும் மாற்றித்தான் போடுகிறாய்.

ஜூட் திரும்பிப் போக முன்னர் எனக்கு விசா விண்ணப்பம் போட்டுவிட்டுப் போனான். கிடைத்துவிட்டது. ஐம்பது தாண்டி முதன்முறையாக விமானம் ஏறப் போகிறேன். அவனுடைய மகள்மார் இரண்டு பெட்டைகளும் உன்னைக் கண்டதில்லை, என்னையும் கண்டதில்லை. அவர்களுக்கு உன்னைப் பற்றி என்ன சொல்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். நீ எப்படிச் சண்டை பிடிப்பாய், எந்த இடத்தில் சிரித்துவிடுவாய், இதையெல்லாம் எந்த ஒழுங்கில் சொல்வது? கொழும்பு வரைக்கும் அரை நாள் இருக்கிறது. பிறகு விமானத்தில் ஒரு முழு நாள்.

அந்த நேரத்தில் நான் நித்திரை கொள்ள மாட்டேன், றெஜி. இதை உனக்கு வாக்காகச் சொல்கிறேன். கடலையும் பனியையும் யன்னலால் பார்த்துக்கொண்டு, உன்னை ஆதியிலிருந்து நினைத்துக்கொண்டு, போய்ச் சேரும்போது அந்தப் பிள்ளைகளிடம் உன்னைப் பற்றி அழாமல் கதைக்கக்கூடிய ஆளாகப் போய் இறங்குவேன்.

உன்ரை பெரியண்ணை,
அன்ரன்
கொழும்புத்துறை